ஐந்தில் வளைந்தது ஐம்பதில் வளையுமா?

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று நம் முன்னோர் கேட்டு வைத்தனர். பிள்ளைகளைப் புத்தகத்தின் முன் இருத்துவதற்குப் பெற்றார் பலர் இக்கேள்வியை நாள்தோறும் பிரயோகித்து வருகின்றனர். ஆனால் இதன் மறுபுறமான கேள்வியை எவரும் கேட்கக் காணோம். ஐந்தில் வளைந்து, பத்தில் நன்றாகவே வளைந்து, பின்னர் உத்தியோகம், கலியாணம், பிள்ளை குட்டி, வீட்டுக் கடன் என்று இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் விறைத்தே நின்றுவிட்ட ஒன்று, ஐம்பதில் மீண்டும் வளையுமா? வளையும் என்பதற்குச் சாட்சியாக, மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் நரை தோன்றிய ஆண்களும் பெண்களும் இன்று சில்லுகளின் மேல் ஏறி நிற்கின்றனர்.

றோலர் ஸ்கேற்ஸ் எனப்படும் காலணியையே நாம் குறிப்பிடுகின்றோம். வண்டிக்குச் சில்லு என்று சொல்லும் நம் நாட்டு வழக்கை ஒட்டி, இக்கட்டுரையில் அதனைச் சில்லுச் சப்பாத்து என்று அழைப்போம். கணுக்காலை மூடி நிற்கும் சப்பாத்தின் அடியில், முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு சில்லுகள் பூட்டப்பட்டிருக்கும். சில்லுகள் யாவும் ஒரே வரிசையில் அமைந்த மற்றொரு வகையும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஒல்சன் சகோதரர் இருவர் 1980 அளவில் அதனைச் செப்பம் செய்து பிரபலமாக்கினர். ஆயினும் நடுவயதில் இவ்விளையாட்டிற்குத் திரும்புவோர் பெரும்பாலும் தேடிச் செல்வது பழைய நான்கு சில்லு வகையையே. அவர்கள் சிறுபிராயத்தில் அணிந்தது அதுவன்றோ!

1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் சில்லுச் சப்பாத்து ஒரு பெரும் மோகமாக இருந்தது. அன்று பத்து, பதினைந்து வயதினராய் இருந்த பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டி நிற்கின்றனர். 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவி, உடற்பயிற்சிச் சாலைகளும் விளையாட்டு மண்டபங்களும் பூட்டப்பட்ட பொழுது, வீட்டு வாசலிலும் வெறிச்சோடிய வாகனத் தரிப்பிடங்களிலும் தனித்து விளையாடக்கூடிய இப்பழைய கருவியின் நினைவு பலருக்கு வந்தது. கடைகளிற் சப்பாத்துகள் தீர்ந்துபோயின. பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். அன்று தொடங்கியவர்களுட் பலர் நோய் தணிந்த பின்பும் நிறுத்தவில்லை.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணி நகைப்போர் அதன் சரித்திரத்தை ஒருமுறை நோக்குவது நன்று. அது பிள்ளைகளுக்கென ஆக்கப்பட்டதே அன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஊயி என்னும் ஊரிற் பிறந்து, 1760இல் இலண்டனுக்கு வந்து சேர்ந்த ஜோன் ஜோசப் மேர்லின் என்னும் வாத்தியக் கைவினைஞர் ஒருவர் இருந்தார். இயந்திரப் பொம்மைகளும் புதுவகை இசைக் கருவிகளும் செய்து புகழ் பெற்றவர். மாறுவேட விருந்தொன்றிற் காலிற் சில்லுகளைப் பூட்டிக்கொண்டு, வயலின் வாசித்த வண்ணம் சபைக்குள் மிதந்து வந்தாராம். வரும் வழி அறிந்திருந்தார். நிற்கும் வழி அறியார். திரும்பும் வழியும் அறியார். ஐந்நூறு பவுண் பெறுமதியான பெருங்கண்ணாடியில் மோதி, அதனையும் வயலினையும் உடைத்து, தாமும் காயமடைந்தார் என்பது கதை. கதையின் நுட்பங்கள் எவ்வாறாயினும், அக்காலச் சில்லுச் சப்பாத்தின் குறை இன்னதென்பதை அது நன்றாகவே எடுத்துக் காட்டுகின்றது. 1819இல் பாரிஸ் நகரிற் பெற்றிப்ளே என்பவர் உரிமைப் பத்திரம் பெற்ற சப்பாத்தும் இதே குறையை உடையதே. தண்டவாளத்தை விட்டு விலக முடியாத புகையிரதத்தைப் போல அவை நேரே மட்டும் ஓடின.

இக்குறையை நீக்கியவர் நியூயோர்க் நகரிலே தளபாட வியாபாரம் செய்த ஜேம்ஸ் லெனாட் பிளிம்டன் ஆவார். 1828இற் பிறந்த இவர், வைத்தியர் சொற்படி உடல்நலத்தின் பொருட்டுப் பனிக்கட்டியின் மேற் சறுக்கப் பழகினார் என்பர். பனிக்காலம் முடிந்ததும் பயிற்சியும் முடிந்துவிடுகின்றதே என்ற கவலை அவருக்கு. கோடையிலும் சறுக்குவதற்கு வழி தேடி, 1863இல் தாம் அமைத்த நான்கு சில்லுச் சப்பாத்திற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்தளவு. அக்காலக் கணக்கில் அது இளமை அன்று. இன்று நாம் காணும் நான்கு சில்லுச் சப்பாத்து, உடம்பைப் பேண விரும்பிய ஒரு குடும்பஸ்தர் தமக்கெனச் செய்துகொண்ட பண்டமே என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக.

அவர் செய்த மாற்றம் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. சில்லுகளின் அச்சை அடிப்பலகையோடு அசையாமற் பூட்டாது, சாய்வான ஒரு முளையிலே பொருத்தி, இடையில் ஒரு றப்பர் அணையை வைத்தார். சறுக்குபவர் பாதத்தை வலப்புறம் சிறிது சாய்த்தால், றப்பர் அப்பக்கம் நசியும். முன் அச்சு ஒருபுறமும் பின் அச்சு அதற்கு எதிர்ப்புறமும் திரும்பும். நான்கு சில்லுகளும் ஒரே வளைகோட்டிற் பொருந்திவிடும். ஆகவே காலைத் தூக்காமலே, உடம்பைச் சாய்ப்பதனால் மாத்திரம் திரும்பலாம். சாய்வு நீங்கியதும் றப்பர் தன் பழைய வடிவை அடைந்து சில்லுகளை நேராக்கிவிடும். இத்தனை எளிய உபாயத்தைக் கண்டுபிடிக்க நூறு ஆண்டுகள் சென்றன. இக்காலச் சிறுவர் ஏறி விளையாடும் ஸ்கேற்போட் பலகையின் அடியில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். பிளிம்டன் நியூயோர்க்கிற் சறுக்கற் சங்கம் ஒன்றையும் நிறுவினார். 1866இல் நியூப்போட் நகரத்து உல்லாச விடுதி ஒன்றின் மண்டபத்தைச் சறுக்கு களமாக்கினார். ஆணும் பெண்ணும் மரியாதைக்குக் குறைவின்றி ஒருங்கே கலந்துகொள்ளக்கூடிய பொழுதுபோக்கு என்று சொல்லியே அவர் இதனைப் பரப்பினார். 1870களில் இம்மோகம் இங்கிலாந்தையும் பற்றிக்கொண்டது.

நடுவயதிலே திரும்பி வந்தோரில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் உளர். அவர் சார்ளி சப்ளின். 1916இல் ‘த றிங்க்’ என்னும் ஊமைப் படத்திற் சில்லுச் சப்பாத்தோடு ஓடி, விழுவார் போல் விழாது தப்பி, விழ வேண்டாதவரையெல்லாம் வீழ்த்திச் சிரிப்பு மூட்டிய பொழுது அவருக்கு வயது 27. இருபது ஆண்டுகள் சென்று, 1936இல் ‘மொடேர்ன் ரைம்ஸ்’ வெளிவந்த பொழுது வயது 46. அப்படத்திற் பெருங்கடை ஒன்றின் இராக்காவற்காரனாக வந்து, கண்களைக் கட்டிக்கொண்டு, வேலியற்ற மேல்மாடி ஓரத்தில் ஒற்றைக் காலாற் சுழன்று வருவார். பார்ப்பவர் நெஞ்சு நடுங்கும். அப்பாதாளம் உண்மையில் ஒரு கண்ணாடியில் தீட்டப்பட்ட சித்திரம் என்பதைச் சினிமாத் தொழில் தெரிந்தோர் அறிவர். பாதாளம் பொய்யாயினும் காற்சுழற்சி மெய். இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். இளமையில் வேகம் மிகுதி. பிற்காலத்தில் வேகம் குறைந்து, வளைவுகள் அகன்று, அசைவு அமைதி பெற்றிருக்கின்றது. நமக்குப் பிந்தியதே மேலானதாகத் தோன்றுகின்றது. ஆடல் வல்லுநராகிய ஜீன் கெலி 1955இற் சில்லுச் சப்பாத்தோடு நியூயோர்க் வீதியில் ஆடுவதாக அமைந்த காட்சியில் நடித்தார். பின்னர் 1980இல் ‘சனடு’ என்னும் படத்திற் சில்லின் மேல் வந்த பொழுது அவருக்கு 67 வயது.

இவர்கள் உடம்பையே தொழிலாகக் கொண்டோர். நம் போன்ற சாதாரண மாந்தருக்கு இவை பொருந்துமா என்று வாசகர்கள் கேட்பது நியாயமே.

நமக்கு நெருங்கிய உறவினரான அம்மையார் ஒருவர் கனடாவில், ரொறன்ரோ நகரில் வாழ்கின்றார். ஒன்பது வயதிற் பெற்றாருடன் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றவர். புதிய நாட்டின் பாஷை பிடிபடுமுன்னரே சில்லுச் சப்பாத்துப் பிடிபட்டுவிட்டது என்று சொல்வார். பேசத் தெரியாத பிள்ளைக்கு ஓடத் தெரிந்தால் விளையாட்டுத் தோழர் கிடைப்பர் அல்லவா? பதினாறு வயதில் அதனை விட்டார். இன்று அவருக்கு 49 வயது. அவருடைய தாயார் மூன்று ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆறு மாதம் படுக்கையில் இருந்தவர். மகளின் எலும்பைப் படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், எலும்பு சற்று மெலிந்திருக்கின்றது, நோய் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை, காலில் உடற்பாரம் இறங்கும் பயிற்சி ஏதேனும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று கூறியுள்ளார். அம்மையார் நடந்து பார்த்தார். பனிக்காலத்தில் நடை நின்றது. உடற்பயிற்சிச் சாலையிற் பணம் கட்டினார். இரண்டு மாதத்தில் அதுவும் நின்றது. ஈற்றில், தம் மகளின் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் கொண்டாட்டத்திற்காகச் சறுக்கு மண்டபம் ஒன்றிற்குச் சென்று, எல்லோருடைய கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தவர், திடீரென எழுந்து தமக்கும் ஒரு சோடி வாடகைக்குக் கேட்டார்.

செய்தி அறிந்த தாயார் சும்மா இருக்கவில்லை.

“உனக்கென்ன விசரே பிள்ளை? நான் விழுந்து பட்ட பாடு காணாதே? நீயும் விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது?”

“விழாமல் இருக்கப் பழகத்தானம்மா போறன்.”

“சனம் பாத்தால் என்ன சொல்லும்?”

இக்கடைசிக் கேள்விக்கு மகள் விடை சொல்லவில்லையாம். செவ்வாய்தோறும் மாலையில் பெரியவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நேரத்திற்குப் போகத் தொடங்கினார். முதல் நாள் சுவரை விட்டுக் கை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் நான்கு சுற்று. மூன்றாம் வாரம் முழங்கால் குத்தி விழுந்தார். முழங்காற் கவசமும் மணிக்கட்டுக் கவசமும் தேய்ந்தன, தோல் தேயவில்லை. இப்பொழுது தாயார் செவ்வாய் இரவுகளிற் தொலைபேசியில் அழைத்து, “இண்டைக்கு எத்தினை சுத்து?” என்று மாத்திரம் கேட்பதாக அறிகின்றோம். எலும்பின் அடுத்த பரிசோதனை வரும் ஆண்டில் நடைபெற இருக்கின்றது. அதன் முடிவு யாதாகும் என்பதை இப்பொழுது எவரும் சொல்ல இயலாது.

அத்தாயாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது. அது கணக்கோடு ஒத்த அச்சம். 30 கிலோ நிறையும் 130 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள பிள்ளையின் பாரமையம் நிலத்திலிருந்து ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். 70 கிலோ நிறையும் 165 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள பெரியவருக்கு அது 92 சென்ரிமீற்றர் அளவாகும். நிறையை உயரத்தாற் பெருக்கிப் பார்த்தால், பெரியவர் விழும் பொழுது நிலத்தில் மோதும் சக்தி பிள்ளையினதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது புலப்படும். பிள்ளையின் எலும்போ இளங்கொம்பு போல் வளைந்து கொடுக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜின் என்னும் சுரப்பு குறைவதால், எலும்பின் திண்மை சில ஆண்டுகளுக்கு விரைவாகக் குறைகின்றது. உலகெங்கணும் ஆண்டொன்றிற்கு 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்றும், விபத்து மரணங்களில் வீதி விபத்திற்கு அடுத்த இடம் விழுதலுக்கே என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட குறிப்பிற் கூறியுள்ளது.

ஆனால் இக்கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. விழுவதற்கு அஞ்சி அசையாதிருப்பவரின் சமநிலை மேலும் கெடுகின்றது. நாம் நிமிர்ந்து நிற்பது மூன்று வகைச் செய்திகளால் ஆகும் காரியம். கண் காட்டுவது ஒன்று. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்கள் அறிவிப்பது ஒன்று. பாதம், கணுக்கால், முழங்கால் ஆகியவற்றின் தசைநார்கள் மூளைக்கு அனுப்புவது மற்றொன்று. பாவிக்கப்படாத பாதை புதர் மண்டுவது போல, மூன்றாவது வகைச் செய்தி சோம்பியிருப்போரிடம் மங்கிப் போகின்றது. 2022இற் பிரித்தானிய விளையாட்டு மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியான ஆய்வு இதற்குத் தொடர்புடையது. பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஐவரில் ஒருவரால் இயலவில்லை. பின்வந்த ஏழு ஆண்டளவில், நிற்க இயலாதவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. வயது, பால், பழைய நோய்கள் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்பும் 84 வீதம் கூடுதல் என்று கணித்தனர். ஒற்றைக் காலில் நிற்கப் பழகினால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உடம்பின் உள்நிலையை வெளியே காட்டும் அறிகுறி அது, அவ்வளவே. சில்லுச் சப்பாத்திற் சறுக்குவதோ முழுக்க முழுக்க ஒற்றைக் கால் வித்தை. ஒரு கால் தள்ள, மறுகால் தாங்கும். ஒவ்வொரு தள்ளலிலும் சில கணம் ஒற்றைக் காலில் நிற்றல் நிகழ்கின்றது.

இனி, இத்தனை ஆண்டுகளின் பின்னரும் கால்கள் அதனை எப்படி நினைவில் வைத்திருக்கின்றன? ஊர், பெயர், படித்த பாடம் முதலியவற்றைச் சேமிக்கும் நினைவு வேறு. கை கால் பழகிய பழக்கத்தைச் சேமிக்கும் நினைவு வேறு. இதனை உலகிற்குத் துலக்கமாகக் காட்டியவர், வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கர். அதன்பின் நடந்த எதனையும் அவரால் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. கண்ணாடியிற் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திர வடிவைக் கோடு தவறாது வரையும்படி பிறெண்டா மில்னர் என்னும் உளவியல் அறிஞர் அவரைப் பயிற்றினார். ஒவ்வொரு நாளும் அதனை முதன்முறை செய்வதாகவே மொலேசன் எண்ணினார். ஆனால் கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. அறிவு மறந்ததைக் கை மறக்கவில்லை! துவிச்சக்கர வண்டியை இருபது ஆண்டுகள் தொடாதிருந்தவர் ஏறியதும் ஓட்டுவது இதனாலேயே. ஆயினும் எச்சரிக்கை ஒன்று கூறுதல் கடமை. பழக்கம் மாறாதிருப்பினும் உடம்பு மாறிவிட்டது. பத்து வயது உடம்பிற்கென எழுதப்பட்ட கட்டளைகளை மூளை ஐம்பது வயது உடம்பிற்கு அனுப்புகின்றது. முதல் நாளிலேயே ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று துணிந்து வேகம் கொள்வோரே பெரும்பாலும் அடிபடுகின்றனர். ஒன்றுமே நினைவில்லை என்று நடுங்குவோருக்கு ஆபத்துக் குறைவு.

அமெரிக்காவிலே நடுவயதினர் சில்லில் ஓடுவது புதுமையே அன்று என்று சொல்லத்தக்க ஒரு சமூகம் உண்டு. நிற வேற்றுமை நிலவிய காலத்திற் கறுப்பின மக்களுக்குச் சறுக்கு மண்டபங்களின் கதவு மூடியிருந்தது. அல்லது வாரத்தில் ஓர் இரவு மட்டும் திறந்தது. அந்த ஓர் இரவையே அவர்கள் தங்கள் கலையாக்கினர். ஊருக்கு ஊர் வெவ்வேறு நடை, வெவ்வேறு இசை. பாட்டன் ஓடிய நடையைப் பேரன் ஓடுகின்றான். 1963 ஆகஸ்டில் மாட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணிக்கு, லெட்ஜர் சிமித் என்னும் இளைஞர் சிக்காகோவிலிருந்து ஏறத்தாழ 685 மைல் தூரத்தையும் சில்லுச் சப்பாத்திலேயே பத்து நாட்களில் கடந்து சென்றார். அவ்வழியைத் தேசப்படத்தில் மாணவர்கள் விரலாற் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். நியூயோர்க்கின் புறூக்ளினில் 1941இல் திறக்கப்பட்டுச் சில்லாட்டத்தின் பேர்போன நிலையமாக விளங்கிய எம்பயர் மண்டபம் 2007இல் மூடப்பட்டது. காணி விலை ஏற, இத்தகைய மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து வருவதை 2018இல் வெளியான ‘யுனைட்டட் ஸ்கேற்ஸ்’ என்னும் விவரணப் படம் காட்டுகின்றது. மண்டபம் இழந்தவர்கள் வெளியே வந்தனர். நியூயோர்க்கின் சென்றல் பூங்காவில் ஆடிச் சறுக்குவோர் 1995இற் சங்கம் அமைத்துக் கொண்டனர். அவ்வட்டத்திலே தலை நரைத்தோர் பலர்.

தமிழர் மத்தியிலும் இவ்விளையாட்டு வேரூன்றாமல் இல்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2023இல் ஹங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் அஞ்சலோட்டச் சறுக்கலில் வெண்கலம் பெற்ற இந்திய அணியில் ஒருவர். 2025இற் சீனாவில் நடைபெற்ற உலக வேகச் சறுக்கற் போட்டியிற் தங்கம் வென்றார். நம் பிள்ளைகள் அவரைப் பின்பற்றட்டும். பிள்ளைகளின் பெற்றார் வேறொரு வேகத்திற் பழகலாம்.

எவ்வாறு பழகுவது? முதலிற் கவசம். தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கை, முழங்காற் கவசங்கள் ஆகியன இல்லாமற் பெரியவர் எவரும் சில்லின் மேல் ஏறலாகாது என்பது நமது உறுதியான கருத்து. விழும் பொழுது கையை ஊன்றுவது மனித இயல்பு; ஆகவே முதலில் முறிவது மணிக்கட்டு. மணிக்கட்டுக் கவசம் அணியாதோருக்கு அங்கு காயம் ஏற்படும் வாய்ப்பு, அணிந்தோரைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று ஒற்றை வரிசைச் சில்லு பாவிப்போரிடையே செய்யப்பட்டு 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. எலும்பு மெலிவு நோய் என்று வைத்தியர் முடிவு கூறியவர்களும், தலைச்சுற்று உடையவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடுதல் கூடாது.

பரணில் இருந்த பழைய சப்பாத்தைத் தூசி தட்டி அப்படியே அணிதல் பிறிதொரு தவறு. பிளிம்டன் வைத்த அந்த றப்பர் அணை காலத்தால் இறுகி வெடித்திருக்கும். இறுகிய றப்பர் வளையாது. தோல் விறைத்திருக்கும். சில்லின் மையத்திலுள்ள குண்டுப் போதிகைகளிற் துரு ஏறியிருக்கும். அன்றியும் பாதம் வயதோடு அகன்று நீளும். பிள்ளைப் பேற்றின் பின் பெண்களுக்குச் சப்பாத்தின் அளவு மாறுவதும் உண்டு. 1970கள் வரை உலோகத்தாலும் களிமண் கலவையாலும் செய்யப்பட்ட சில்லுகள் சிறு கல் பட்டாலும் ஆளைக் குப்புறத் தள்ளின. அதன்பின் வந்த பொலியூரிதேன் சில்லுகள் தரையைப் பற்றி ஓடுகின்றன. அவற்றின் கடினத்தை எண்ணாற் குறிப்பர். 78 அளவுள்ள மென்மையான சில்லு வெளித்தரைக்கு. 95க்கு மேற்பட்ட கடினமான சில்லு மண்டபத்து மரத்தளத்திற்கு. இவற்றை மாற்றிப் பூட்டினால், வெளியிற் பற்கள் கிடுகிடுக்கும். மண்டபத்தினுட் கால் இழுபடும்.

நம் நாட்டுத் தெருக்கள் இதற்கு ஏற்றன அல்ல. மணலும் சல்லியும் ஒருபுறம், பஸ் வண்டிகள் மறுபுறம். வழுவழுப்பான சீமெந்துத் தளமுள்ள மண்டபமோ, மழை காணாத உட்தளமோ கிடைத்தால், பொறுப்பானவரிடம் அனுமதி பெற்று அங்கு தொடங்கலாம். முதலிற் புல்லின் மேல் நின்று பழகுக. புல்லிற் சில்லு உருளாது. முழங்காலை மடித்து, நாற்காலியில் அமரப் போகின்றவர் போல் சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். பார்வை பாதத்தில் அன்று, பத்தடி முன்னே. நிமிர்ந்து விறைத்தவர் பின்புறம் விழுவார். பின்புற விழுகையே முதுகெலும்பிற்கும் தலைக்கும் பொல்லாதது. விழுவது உறுதி என்று தோன்றினால் மேலும் தாழ்ந்து, முழங்காற் கவசத்தின் மேல் முன்புறமாக விழ வேண்டும். இதனைப் புல்லிற் பத்து முறை வேண்டுமென்றே செய்து பழகிய பின்னரே ஓடத் தொடங்க வேண்டும். அடுத்தது நிற்றல். மேர்லினுக்குத் தெரியாத பாடம் அது. கால்களை அகற்றி, விரல்களை உட்புறம் திருப்பிக் குதிகளை வெளியே தள்ளினால் வேகம் தானே குறையும். முதல் நாள் இருபது நிமிஷம் போதும். மறுநாள் தொடையில் வலி இருக்கும். அது தசையின் வலி. மூட்டில் வலி இருப்பின் ஒரு வாரம் நிறுத்துக.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல இருக்கின்றது. உங்கள் தாயாரோ தந்தையாரோ முதன்முறை சில்லில் எழுந்து நிற்கும் பொழுது, அன்பினால் அவர் கையைப் பற்றி முன்னே இழுக்க வேண்டாம். இழுபட்டவரின் பாரம் பின்னே போகும். இருவரும் சேர்ந்து விழுவீர்கள். பக்கத்தில் நின்று, முன்கையை மடித்துக் கைப்பிடிச் சட்டம் போல் நீட்டிக் கொடுங்கள். எப்பொழுது பிடிப்பது, எப்பொழுது விடுவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.